கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர்கள்

(மதுரையில் கலை அமைப்புகளின் நிர்வாகிகள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் என்றோர் ஊர். ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், அந்த ஊர் மகாசபை கூடித் தனக்குத் தானே சில விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தது. சபையில் உட்கார யாருக்குத் தகுதி உண்டு, என்ன கற்றிருக்க வேண்டும், ஒழுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவற்றோடு இன்னொரு விதியும் இருக்கிறது. எந்தக் காரியம் பேசினாலும் ‘கூடாது, கூடாது’ என்று குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்குத் துணை போகிறவருக்கும் அதே தண்டம்.

இன்றைய சபாக்களுக்கும் சங்கங்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் உள்ள சிக்கல் இதற்கு நேர் எதிரானது. மாதக் கூட்டத்தில் செயலாளர் வரவு செலவைப் படிக்கிறார். காபி வருகிறது. ‘எல்லோருக்கும் சம்மதம்தானே?’ என்கிறார் தலைவர். மினிட் புத்தகம் கைமாறிப் போய்க் கையெழுத்துகளோடு திரும்பி வருகிறது. வைப்பு நிதியை ஏன் முதிர்வுக்கு முன்பே உடைத்தோம், பந்தல் வேலை ஏன் ஆண்டுதோறும் ஒரே ஆளுக்குப் போகிறது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால் செயலாளர் மனம் புண்படுமோ என்ற தயக்கம் ஒரு பக்கம். சம்பளம் வாங்காமல் ஓடியாடி உழைக்கிற மனிதர் என்ற மரியாதை இன்னொரு பக்கம். இரண்டும் நல்ல குணங்கள்தாம். ஆனால் கலை அமைப்புகளைத் திருட்டு கெடுத்ததைவிட இந்தத் தயக்கம் கெடுத்ததே அதிகம்.

வித்வானுக்குத் தேதி கேட்பது, அரங்கு பிடிப்பது, மைக் செட்டுக்குச் சொல்வது, ரயிலடிக்கு வண்டி அனுப்புவது எல்லாம் அன்றாடச் செயல்கள். நிர்வாகக் குழு இருப்பது அவற்றுக்காக அல்ல. ஊராரும் உறுப்பினர்களும் கொடுத்த பணம், பெயர், கட்டடம், நம்பிக்கை ஆகியவற்றின் சார்பில் கேள்வி கேட்பதற்காகவே அது இருக்கிறது. சிறிய அமைப்புகளில் வேலை செய்கிறவரும் குழு உறுப்பினரும் ஒரே ஆளாக இருப்பார். அங்கே கேள்வி கேட்பது இன்னும் கடினம், இன்னும் அவசியம்.

இப்படிக் கேள்வி கேட்பதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சடங்கு என்று நினைப்பவர்கள் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் அங்கே உள்ளன. பள்ளிப் பாடங்கள் குடவோலையோடு நிறுத்திக்கொள்கின்றன. அதைவிடக் கூர்மையான விதி ஒன்று உண்டு. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று நீண்ட உறவுப் பட்டியலையும் சொல்லி, அவர்கள் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்கிறது கல்வெட்டு. பதவிக் காலம் ஓராண்டு. ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். ஒருவர் செய்த தவறு உறவின் வழியாக அடுத்த குழுவுக்குள் நுழையும் என்பதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கண்டு, அதற்குத் தடை போட்டிருக்கிறார்கள்.

மதுரைக்கு வருவோம். 1901 செப்டம்பர் 14 அன்று இங்கே தமிழ்ச் சங்கம் தொடங்கியது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் உயிர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அதன் பெரும் புரவலர். பாண்டித்துரைத் தேவர் கொடைவள்ளல் மட்டுமில்லை, 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். ஓர் அமைப்பை நடத்துவதற்கு என்னென்ன தேவை என்பது அவருக்குத் தெரியும். சங்கம் தொடங்கிய மறு ஆண்டே ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. இரா.இராகவையங்கார் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் மு.இராகவையங்கார். பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், செந்தமிழ்க் கலாசாலை, பிரவேச பண்டிதம் முதல் பண்டிதம் வரையிலான தேர்வுகள் என்று வேலைகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆள்பொறுப்போடும் முறையோடும் எழுந்தன.

சங்கம் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1903 டிசம்பரில், பாஸ்கர சேதுபதி மறைந்தார். வயது 35. 1911 டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் போனார். பத்தாண்டு கடந்த சில மாதங்களில் இரண்டு தூண்களும் சாய்ந்துவிட்டன. ஆனாலும் சிம்மக்கல் பக்கம் போகிறவர்கள் இன்றும் தமிழ்ச் சங்கம் சாலையில்தான் நடக்கிறார்கள், கல்லூரியும் இருக்கிறது. புரவலரின் பணம் போனபின் நின்றது எது? ஓர் இதழை மாதாமாதம் கொண்டுவரும் பழக்கமும், தேர்வு நடத்திச் சான்று தரும் முறையும், புத்தகங்களை எண்ணி வைத்த நூலகமும்தான். புரவலர் உயிரோடு இருக்கும்போதே அவர் இல்லாத நாளுக்கு அமைப்பைத் தயார் செய்வது குழுவின் முதல் கடமை. மதுரைப் பக்கத்துக் குழுக்களில் மிக அரிதாகப் பேசப்படும் கடமையும் இதுதான். நிறுவியவரின் முன்னால் அவருடைய மறைவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

சென்னை கலாட்சேத்திரம் இதற்கு மறுபக்கம். 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கியது. அவருடைய கண்ணும் கையும் ரசனையும்தான் நிறுவனம். 1986-இல் அவர் மறைந்தார். அதன்பின் எட்டாண்டுக்குள், 1993-இல், நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை மத்திய அரசின் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. ஆட்சிக்குழு, கல்விக் குழு, நிதிக்குழு என்ற கட்டமைப்பைச் சட்டமே வகுத்துத் தந்தது. கலையில் அவ்வளவு தொலைநோக்கு உள்ள ஒருவர் கட்டிய அமைப்புக்கே இந்த நிலை என்றால், தெருக்கோடியில் பரதநாட்டியப் பள்ளி நடத்தும் அறக்கட்டளை எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்!

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் பெரும்பாலான சபாக்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செயற்குழுவில் மூவருக்குக் குறையக்கூடாது. ஒரு முறைக்கான பதவிக் காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு தணிக்கைக்குப் போக வேண்டும். குழுவில் ஆள் மாறினால் மாவட்டப் பதிவாளருக்குப் படிவம் 7 போக வேண்டும். இந்தப் படிவம் அற்பமாகத் தோன்றும். ஆனால் இரண்டு அணிகள் நாங்களே உண்மையான குழு என்று மோதும்போது பதிவாளரும் வங்கியும் நீதிமன்றமும் முதலில் கேட்பது அதைத்தான். கடைசியாக எப்போது தாக்கல் செய்தோம் என்று இந்த அவையில் உள்ளவர்கள் ஊருக்குப் போனதும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வருமான வரி விலக்கு இன்னொரு கதை. முன்பு 12ஏ பதிவை ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்று இருந்தது. 2021 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பின் அது காலவரையறைக்கு உட்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிறிய அமைப்புகளுக்கு அதைப் பத்தாண்டாக்கியது 2025-ஆம் ஆண்டின் திருத்தம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ அமைப்பின் பணத்தால் ஆதாயம் போனால் விலக்கே பறிபோகலாம். இதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது வழக்கமாகிவிட்டது. தன்னிடம் கொடுத்த கணக்கைத்தான் ஆடிட்டர் பார்ப்பார். கொடுக்காத கணக்கைப் பற்றிக் கேட்க வேண்டியது குழு.

பணம் என்றதும் மதுரை வட்டாரம் மறக்க முடியாத ஓர் ஆண்டு உண்டு. பங்குனி பிறந்தால் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்டிக் கோயில்களில் பொங்கல் சாட்டுவார்கள். கரகமும் ஒயிலும் ஒரு பக்கம் என்றால், ஸ்பெஷல் நாடகம் இன்னொரு பக்கம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே சந்தித்து விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடத்திவிடுவார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை கிடைக்கிற பணம்தான் மீதி மாதங்களுக்கு அரிசி. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த ஆண்டுச் சித்திரைத் திருவிழா நிறுத்தப்பட்டு, மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் வீட்டிலிருந்து திரையில்தான் பார்த்தார்கள். மறு ஆண்டும் பக்தர்கள் இல்லாமலேயே விழா நடந்தது. அடுத்தடுத்து இரண்டு சீசன் கையைவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் எந்தச் சங்கம் சேமநிதி வைத்திருந்தது, எது வைக்கவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஓர் ஆண்டுச் செலவில் பாதியையாவது தொடாத நிதியாக வைத்திருக்கும் அமைப்பால் உறுப்பினரின் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்ப முடியும். நல்ல ஆண்டில் வந்ததையெல்லாம் பெரிய நட்சத்திரக் கச்சேரியிலும் நினைவுப் பரிசிலும் செலவழித்த அமைப்பு அன்று வாட்ஸப்பில் உதவி கேட்டுச் செய்தி அனுப்பியது. 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் ஒரு சங்கம் தன் கலைஞர்களைப் பதிவு செய்ய வைத்ததா என்பதும் அதே நாளில் சோதிக்கப்பட்டது. வாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது கலைஞரின் சொந்த வேலை என்று சில குழுக்கள் நினைக்கின்றன. எழுதப்படிக்கச் சிரமப்படும் ஒரு தவில்காரருக்கும் கரகாட்டக்காரருக்கும் அந்தப் படிவத்தை நிரப்பித் தருவது, பொன்னாடை போர்த்துவதைவிடப் பெரிய மரியாதை.

சேமநிதியை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் நியூயார்க் சிட்டி ஆபரா. 1943-இல் சாதாரண மக்களுக்கான ஆபரா என்று தொடங்கிய அமைப்பு அது. 2008-09-இல் அரங்கு பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, வருமானம் நின்ற சமயத்தில், ஆட்சிக்குழு தன் நிலைநிதியிலிருந்து 2 கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கடனுக்கும் செலவுக்கும் கொடுத்தது. முறைப்படி நீதிமன்ற அனுமதியும் பெற்றது. சட்டப்படி சரி. ஆனால் வட்டி கொடுக்கும் முதல் கரைந்தபின் அமைப்பு தேறவில்லை. 2013 அக்டோபரில் திவால் மனு போட்டு மூடியது. ‘சட்டம் இடம் தருகிறதா?’ என்று கேட்ட குழு, ‘அடுத்த ஐந்தாண்டுக்கு என்ன செய்வோம்?’ என்பதற்கு விடை காணவில்லை.

இந்த ஊரிலேயே நேர்மாறான பாடமும் இருக்கிறது. கலை அமைப்பு அல்ல, ஆனாலும் சொல்லத்தக்கது. 1976-இல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கட்டுகிறவரிடம் வருகிற உபரியைக் கொண்டே கட்ட முடியாதவருக்கு மருத்துவம் பார்க்கிறது. இலாப நோக்கமற்றது என்றால் உபரியே கூடாது என்று பொருளில்லை, உபரி யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்பதுதான் பொருள் என்பதற்கு மதுரைக்காரர்கள் வெளியூர் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை.

பணத்தைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. கலை கற்க வரும் பிள்ளைகள்.

1918-இல் இதே மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னஞ்சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். தமிழ் நாடகத்துக்கு ஒரு தலைமுறை நடிகர்களைக் கொடுத்தவை இத்தகைய பாய்ஸ் கம்பெனிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே சாப்பாடு, படுக்கை, பாடம், பிரம்படி, சம்பளம் எல்லாம் ஒரே கையில் இருந்தன. வீட்டை விட்டு வந்த பையனுக்குத் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முதலாளியைத் தவிர வேறு ஆள் கிடையாது. அந்தக் காலம் அப்படி. 100 ஆண்டு கழித்தும் ஒரு நடனப் பள்ளியில் குருவே நிறுவனராக, குருவின் கணவர் செயலாளராக, தங்கை பொருளாளராக இருந்தால், அங்கே படிக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் நிலை 1918-இலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது?

2023 மார்ச் மாதக் கடைசியில் கலாட்சேத்திர மாணவிகளும் மாணவர்களும் வளாகத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர்கள் சிலர் மீது பாலியல் தொல்லைப் புகார். அதற்கு முன்பே பேச்சு எழுந்தபோது ஆதாரமில்லை என்ற நிலையைத்தான் நிறுவனம் எடுத்திருந்தது. மாநில மகளிர் ஆணையம் வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். அதன்பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் குழுவை ஆட்சிக்குழு அமைத்தது. குற்றம் யாருடையது, எவ்வளவு என்பது நீதிமன்றத்துக்கு உரியது. குழுவுக்கு உரிய கேள்வி வேறு. பயிலும் பிள்ளைகள் தெருவுக்கு வரும் வரை அந்தச் செய்தி ஏன் ஆட்சிக்குழுவின் மேசைக்கு வந்து சேரவில்லை? வந்திருந்தால் அங்கே என்ன நடந்தது? சட்டம் வகுத்த மூன்று குழுக்கள் இருந்தும் மாணவியின் குரல் ஏறி வருவதற்கு ஒரு படி இல்லாமல் போயிற்று.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் சங்கம், அறக்கட்டளை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம். குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழந்தைகள் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ‘நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று ஒரு குழு முடிவெடுத்தால், அந்தத் தீர்மானமே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும்.

2018 இறுதியில் மீ டூ புகார்கள் கிளம்பியபோது சென்னை மியூசிக் அகாதெமி அந்த டிசம்பர் சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கிவைத்தது. அவர்கள் அகாதெமியின் ஊழியர்கள் அல்ல. ‘எங்களுக்கு அதிகாரமில்லை’ என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். மேடையைக் கொடுப்பதும் மறுப்பதும் தன் கையில் இருக்கிறது என்பதை அந்தக் குழு ஒப்புக்கொண்டது. அதைச் சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

இனி ஒரு பெண்மணியின் பத்திரத்தைப் பற்றி. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளந்து கிடந்தது. இரண்டிலும் பெண்கள் பாட இடமில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சம்பாத்தியத்தைப் போட்டு 1920-களில் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். கோயில் கட்டியவருக்கே ஆராதனையில் பாட இடமில்லை என்றபோது, பெண்களைத் திரட்டித் தனியாக வழிபாடு நடத்தினார். பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்று உருவாயிற்று. 1940-களின் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றிணைந்து தியாகப் பிரம்ம மகோத்சவ சபை பிறந்தது. ஒற்றுமை வந்துவிட்டது என்று அவர் சும்மா இருக்கவில்லை. தன் சொத்தைச் சமாதியின் பராமரிப்புக்கு எழுதிவைத்தபோது, தேவதாசிகள் உள்பட எல்லாப் பெண்களுக்கும் அங்கே வழிபடவும் பாடவும் உரிமை உண்டு என்பதை நிபந்தனையாக எழுத்தில் ஏற்றினார். 1952-இல் மறைந்தார்.

அறக்கட்டளைப் பத்திரம், துணைவிதி என்பவை வக்கீல் அலுவலகத்தில் வேறோர் அமைப்பின் நகலைப் பார்த்து அடிக்கப்படும் தாள்களாகிவிட்டன. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பதிவுக்குப் போகிறார்கள். எதற்காக இந்த அமைப்பு, யாருக்காக, எதை ஒருபோதும் செய்யாது என்று சொந்த வாக்கியத்தில் எழுதியிருக்கும் பத்திரம் மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது குழு தன் பத்திரத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாட்டுப்புறக் கலையை வளர்க்கத் தொடங்கிய அமைப்பு சினிமா மெல்லிசை நிகழ்ச்சியில் வந்து நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மெல்லிசை தாழ்ந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. நன்கொடையாளர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குச் செலவாகிறதா என்பதே கேள்வி.

தேர்தலைப் பற்றி நடிகர் சங்கத்தின் அண்மைக் கதையைவிட எடுப்பான எடுத்துக்காட்டு கிடைக்காது. தென்னிந்திய நடிகர் சங்கத்தில் திரை நட்சத்திரங்கள் மட்டுமல்ல, மதுரை, புதுக்கோட்டை, கரூர் வட்டார நாடக நடிகர்களும் உறுப்பினர்கள். 2019 ஜூன் 23-இல் தேர்தல் நடந்தது. உறுப்பினர் பட்டியல் சரியா, பதவிக் காலம் முடிந்த குழு தேர்தலை அறிவிக்கலாமா என்ற வழக்குகளால் ஓட்டுப் பெட்டிகளுக்குப் பூட்டு விழுந்தது. அரசு தனி அதிகாரியை நியமித்தது. தேர்தல் செல்லாது என்றார் தனி நீதிபதி. செல்லும் என்றது இரு நீதிபதிகள் அமர்வு. 2022 மார்ச் 20-இல்தான் எண்ணினார்கள். மூன்றாண்டுப் பதவிக்கு நடந்த தேர்தலின் முடிவு தெரியவே ஏறக்குறைய மூன்றாண்டு ஆயிற்று. இடையில் சங்கக் கட்டடம் பாதியில் நின்றது. சுண்ணாம்பும் சிமெண்டும் காத்திருக்கும், வயதான நாடக நடிகரின் மருந்துச் செலவு காத்திருக்காது. உறுப்பினர் பதிவேட்டை ஒழுங்காக வைப்பது, பதவிக் காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்துவது என்ற இரண்டு சலிப்பான வேலைகளின் விலை இவ்வளவு.

முடிவெடுத்தபின் அதன் பின்னால் நிற்பதும் குழுவின் பொறுப்புதான். 2024 மார்ச்சில் மியூசிக் அகாதெமி பாடகர் டி.எம்.கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவித்தது. அவருடைய கருத்துகளை எதிர்த்து முன்னணி இசைக்கலைஞர்கள் சிலர் அந்த ஆண்டுக் கச்சேரியிலிருந்து விலகினார்கள். அகாதெமியின் தலைவர் என்.முரளி எழுத்தில் பதில் கொடுத்தார், முடிவு மாறவில்லை. கிருஷ்ணாவின் கருத்துகளை ஏற்கிறவர்களும் ஏற்காதவர்களும் இந்த அவையில் இருப்பார்கள். இரு தரப்பும் கவனிக்க வேண்டியது, குழு ஒரே குரலில் பேசியது என்பதுதான். பல ஊர்ச் சபாக்களில் கூட்டத்தில் கைதூக்கிய உறுப்பினரே வெளியே வந்து, ‘எனக்கு இஷ்டமில்லை, செயலாளர்தான் பிடிவாதம் பிடித்தார்’ என்று சொல்வதைக் கேட்கலாம். மாறுபாடு இருந்தால் தீர்மானத்தில் பதிய வேண்டும். வாசல் தாண்டியபின் முடிவு எல்லோருடையதும்.

அதே விவகாரத்தில் மதுரையோடு தொடர்புள்ள இன்னொரு கிளையும் உண்டு. கலாநிதிக்கு அளிக்கப்படும், எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரிலான ரொக்க விருதை எதிர்த்து அவருடைய பேரன் நீதிமன்றம் போனார். தன் பெயரில் அறக்கட்டளையோ நினைவுச் சின்னமோ வேண்டாம் என்று எம்.எஸ். உயில் எழுதியிருந்தார் என்பது வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1916-இல் இந்த ஊரில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, 1968-இல் சங்கீத கலாநிதி ஆன முதல் பெண் இசைக்கலைஞர் அவர். மறைந்த வித்வான்கள் பெயரில் விருது கொடுக்காத சபா மதுரையில் இல்லை. குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதம் கோப்பில் இருக்கிறதா, விருதுக்கான வைப்பு நிதி தனிக்கணக்கில் இருக்கிறதா, தேர்வுக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியவர்கள் குழுவினர்.

புரவலர்களோடு பேசும் முறையும் இதைச் சேர்ந்ததே. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சமூகப் பொறுப்பு நிதியைக் கலை, பண்பாட்டுக்கும் செலவிடலாம் என்று வழி திறந்திருக்கிறது. மதுரையின் மில்களும் நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் அதற்கு முன்பே தாராளமாகக் கொடுத்தவை. நன்றி சொல்ல வேண்டும், பெயரைப் பலகையில் போட வேண்டும், அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் யார் பாடுவது, யாருக்கு விருது என்பது பணத்தோடு சேர்ந்து போகக்கூடாது. புரவலர் வீட்டுப் பெண்ணுக்கு முக்கிய மேடை தரச் சொல்லி வேண்டுகோள் வந்தால், செயலாளரால் தனியாக மறுக்க முடியாது. அவர் அடுத்த ஆண்டும் அந்த வாசலுக்குப் போக வேண்டும். ‘குழுவின் விதி இடம் தரவில்லை’ என்று அவர் சொல்வதற்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது குழு அவருக்குச் செய்யும் உதவி.

கடைசியாக, குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது. தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் அரங்கிலும் ராஜா முத்தையா மன்றத்திலும் நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகளின் அழைப்பிதழ்களைப் புரட்டினால் தொழிலதிபர், ஆடிட்டர், மருத்துவர், ஓய்வுபெற்ற அதிகாரி என்ற வரிசை தென்படும். அவர்கள் அறிவும் நேரமும் தேவைதான். நாதஸ்வரம் வாசிப்பவர், பறை அடிப்பவர், கூத்துக்கு ஒப்பனை போடுபவர், கச்சேரி கேட்க டவுன் பஸ்ஸில் அலங்காநல்லூரிலிருந்து வந்து போகிற ரசிகர் ஆகியோரின் பெயர்களும் அந்த வரிசையில் வர வேண்டும். கலைஞருக்கு எவ்வளவு சன்மானம், எந்த நாளில் கொடுப்பது, தாமதமானால் என்ன என்ற பேச்சு வரும்போது, வாங்குகிற பக்கத்திலிருந்து ஒருவராவது மேசையில் இருந்தால் அந்தப் பேச்சின் திசை மாறும். ஒன்பது பேர் குழுவில் மூன்று இடத்தைக் கலைஞர்களுக்கு என்று துணைவிதியில் எழுதலாம். அவர்களில் ஒருவராவது மாநகராட்சி எல்லைக்கு வெளியே வாழ்பவராக இருக்கட்டும். மாதக் கூட்டத்துக்கு வர அவருக்கு ஆகும் பஸ் கட்டணத்தையும், அன்று இழக்கும் ஒருநாள் கூலியையும் அமைப்பே கொடுக்கத் தீர்மானம் போட வேண்டும். வரும் பொதுக்குழுவுக்கு முன்பே அந்தத் திருத்தத்தை எழுதி, உரிய முன்னறிவிப்போடு உறுப்பினர்களுக்கு அனுப்ப இன்னும் அவகாசம் இருக்கிறது.